கட்டுமான மேலாண்மையில் பிஎச்.டி. செய்ய நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சில வருடம் சைட் இன்ஜினியராக இருந்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவன் நான். ஒவ்வொரு முறை சேர்க்கை அறிவிப்பு வரும்போதும் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களின் தம்பி தங்கைகள் என்று பலர் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

கட்டடம் கட்டத் தெரிந்தால் போதாதா? மேலாண்மையில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது?

நம் ஊரில் ஒரு பாலம் எப்போது திறக்கும் என்று கேட்டுப் பாருங்கள். சொன்ன தேதியில் திறக்கும் என்று யாராவது நம்பிச் சொல்கிறார்களா? பாலத்தின் வடிவமைப்புக் கணக்கு நமக்கு நன்றாகத் தெரியும். அது ஏன் இரண்டு வருடம் தள்ளிப்போனது, ஏன் செலவு கூடியது என்பதுதான் இன்னும் சரியாகத் தெரியவில்லை.

இது நம் நாட்டுக் குறை மட்டும் கிடையாது. பென்ட் ஃப்ளூபியர்க் என்ற டென்மார்க் ஆய்வாளரும் அவருடைய குழுவும் 20 நாடுகளில் 258 போக்குவரத்துத் திட்டங்களை எடுத்துப் பார்த்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது திட்டங்களில் மதிப்பிட்டதைவிடச் செலவு கூடியிருந்தது. ரயில் திட்டங்களில் சராசரியாக 45 சதவீதம், சாலைகளில் 20 சதவீதம். எழுபது ஆண்டு காலத் தரவில் இந்த நிலை மாறவே இல்லை. எழுபது வருடம் ஒரு துறை தன் மதிப்பீட்டைத் திருத்திக்கொள்ளவில்லை என்றால் காரணம் கணக்குப் பிழையாக இருக்க முடியாது. மனிதர்கள், ஒப்பந்தங்கள், ஊக்கத்தொகைகள், அரசியல் என்று எங்கோ இருக்கிறது. அதைத் தேடிப் போவதுதான் இந்தத் துறையின் வேலை.

இதில் நிலைத்த உள்கட்டமைப்பு, அதாவது சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் கட்டுவது, எங்கே வருகிறது? அது சுற்றுச்சூழல் துறையின் வேலை இல்லையா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

உலகத்தின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் 7 முதல் 8 சதவீதம் சிமென்டிலிருந்து வருகிறது. சூளையை எரிக்கும் நிலக்கரி அதில் ஒரு பகுதிதான். பெரும்பகுதி, சுண்ணாம்புக்கல் சூட்டில் உடைந்து சுண்ணாம்பாக மாறும்போது அந்தக் கல்லுக்குள்ளிருந்தே வெளியேறுகிறது. ஆகவே சூளைக்கு எவ்வளவு சுத்தமான எரிபொருள் போட்டாலும் பிரச்சினை பாதிகூடத் தீராது. சூளையிலிருந்து கட்டியாக வெளிவந்து, அரைத்தால் சிமென்டாகும் கிளிங்கரின் அளவையே குறைத்தாக வேண்டும்.

அதற்கு வழியும் வந்துவிட்டது. எல்சி3 என்று சொல்கிறார்களே, சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் சேர்த்துக் கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் சிமென்ட், அதில் வெளியேற்றம் 40 சதவீதம் வரை குறையும். சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கியூபா ஆய்வாளர்கள், ஐஐடி டெல்லி, ஐஐடி மெட்ராஸ் எல்லோரும் சேர்ந்து உழைத்த பொருள் அது. 2023இல் ஐஎஸ் 18189 என்ற இந்தியத் தரநிலையும் வந்துவிட்டது.

சரி, உங்கள் தெருவில் நடக்கும் வேலையில் அந்த சிமென்ட் வருகிறதா?

வேதியியல் தன் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டது. அதற்கப்புறம் நிற்பதெல்லாம் நம் துறையின் கேள்விகள். அரசு எஸ்டிமேட்டில் ஒரு பொருள் வர வேண்டுமானால் அது ரேட் ஷெட்யூல் என்ற அரசின் விலைப்பட்டியலில் இருக்க வேண்டும். டெண்டர் விவரக்குறிப்பில் பழைய சிமென்டின் பெயர் இருந்தால் கான்ட்ராக்டர் அதைத்தான் வாங்குவார். புதியதைப் போட்டு விரிசல் விட்டால் பொறுப்பு யாருக்கு என்று ஒப்பந்தம் சொல்லாவிட்டால் எந்த இன்ஜினியரும் கையெழுத்துப் போட மாட்டார். சென்ட்ரிங் பிரிக்க இரண்டு நாள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருந்தால், அந்த இரண்டு நாளுக்கு யார் பணம் தருவார்?

மறுசுழற்சி ஜல்லியின் கதையும் இதேதான். இடித்த கான்கிரீட்டை நொறுக்கிக் கிடைக்கும் ஜல்லியை எம்25 என்ற வலிமைத் தரம் வரையிலான கம்பி போட்ட கான்கிரீட்டில் 20 சதவீதம், கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம் சேர்க்கலாம் என்று ஐஎஸ் 383 தரநிலை 2016இலேயே அனுமதித்துவிட்டது. கட்டட இடிபாட்டுக் கழிவுக்கான மத்திய அரசின் விதிகளும் அதே ஆண்டில் வந்தன. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டுக் கழிவைப் பதப்படுத்தும் ஆலைகள் இருக்கின்றன. ஆலை, விதி, தரநிலை எல்லாம் இருந்தும் இடிபாடு ஏன் இரவில் ஏரிக்கரையில் கொட்டப்படுகிறது? லாரிக்காரரின் ஒரு நடைக்கு என்ன செலவு, வீட்டை இடிக்கும் கான்ட்ராக்டருக்கு எதில் மிச்சம் என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் ஒரு நல்ல ஆய்வு பிறக்கும்.

நல்ல உதாரணமும் நம்மிடமே இருக்கிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் துகளை உருகிப் படியவைத்து, பிறகு தார் கலக்கும் முறையைக் கொண்டுவந்தார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்த முறை ஆய்வகத்தோடு நிற்காமல் சாலைக்கு வந்ததற்கு, இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2013இல் அதற்கென வழிகாட்டு நூல் வெளியிட்டது பெரிய காரணம். கண்டுபிடிப்பு ஒரு பாதி, அது ஒப்பந்தத்துக்குள் நுழையும் வழி மறுபாதி. அந்த மறுபாதிக்கு ஆள் குறைவாக இருக்கிறது.

என்ன தகுதி வேண்டும்? பி.இ. மட்டும் முடித்தவர் சேரலாமா?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஒழுங்குமுறைப்படி முதுகலையில் 55 சதவீதம் இருந்தால் சேரலாம். நான்கு ஆண்டு இளங்கலையில் 75 சதவீதம் எடுத்தவர்களும் நேரடியாகச் சேரலாம். பி.இ. நான்கு ஆண்டுப் படிப்பு என்பதால் கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் ஐஐடி, என்ஐடி போன்ற நிறுவனங்களுக்குத் தனித்தனி விதிகள் உண்டு. பி.இ. மட்டும் படித்தவர்களிடம் நல்ல கேட் தேர்வு மதிப்பெண்ணையோ மிக உயர்ந்த தரப்புள்ளியையோ எதிர்பார்க்கும் இடங்கள் பல. விண்ணப்பிக்கும் நிறுவனத்தின் அந்த வருட அறிவிப்பைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கட்டடக்கலை, திட்டமிடல் படித்தவர்களையும் பல இடங்களில் எடுக்கிறார்கள். என் பார்வையில் இதையெல்லாம்விடப் பெரிய தகுதி, இரண்டு வருடமாவது சைட்டில் நின்ற அனுபவம். அது இல்லாமலும் சேரலாம், நன்றாகவும் செய்யலாம். ஆனால் வேலை நடக்க நடக்கக் கான்ட்ராக்டர் போடும் ஆர்ஏ பில் எப்படிப் போகிறது, ஏன் திரும்பி வருகிறது என்று பார்த்தவருக்கும் புத்தகத்தில் படித்தவருக்கும் கேள்வி கேட்கும் விதமே வேறாக இருக்கும்.

எங்கே படிக்கலாம்?

ஐஐடி மெட்ராஸின் சிவில் துறையில் கட்டடத் தொழில்நுட்பம், கட்டுமான மேலாண்மை இரண்டுக்கும் சேர்த்து ஒரு பிரிவே இருக்கிறது. பொருளை ஆராய்கிறவரும் ஒப்பந்தத்தை ஆராய்கிறவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது மேலே சொன்ன மாதிரிக் கேள்விகளுக்கு மிகவும் வசதி. வீணாகும் நேரத்தையும் பொருளையும் குறைத்துக் கட்டுவதை லீன் கட்டுமானம் என்பார்கள்; அதற்கான பன்னாட்டுக் குழுவின் 2018 மாநாடு சென்னையில் நடந்தது. அண்ணா பல்கலைக்கழகம், திருச்சி என்ஐடி, ஐஐடி டெல்லி, ஐஐடி பம்பாய் எல்லாவற்றிலும் இந்தத் துறையில் ஆய்வு நடக்கிறது. இலங்கையில் இருப்பவர்களுக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடப் பொருளியல் துறை நல்ல இடம்.

நிறுவனத்தின் பெயரைவிட வழிகாட்டி யார் என்பதுதான் முக்கியம். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எத்தனை வருடம் ஆகும்? கையில் காசு வருமா?

2022 ஒழுங்குமுறைப்படி குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6 வருடம். மறுபதிவு செய்தால் மேலும் 2 வருடம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் 2 வருடம் கூடுதலாகக் கிடைக்கும். மகப்பேறுக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் 240 நாள் வரை விடுப்பு உண்டு. நடைமுறையில் நம் துறையில் ஐந்து வருடம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சைட்டிலிருந்து தரவு எடுப்பவர்கள் அந்தத் திட்டத்தின் வேகத்துக்குத்தான் நகர முடியும். திட்டம் நின்றால் ஆய்வும் நிற்கும்.

2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000. பிரதமரின் ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தில் 70,000இல் தொடங்கி 80,000 வரை. போட்டி கடுமை. உதவித்தொகை இல்லாமல் முழுநேரமாகச் சேர்வதைப் பற்றி வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள். பாதியில் நிற்பவர்களில் பலரை நிறுத்தியது பணம்தான், அறிவுக் குறைவு இல்லை.

வேலையை விடாமல் பகுதிநேரமாகச் செய்ய முடியுமா?

முடியும். நிறுவனத்திடமிருந்து ஆட்சேபனையின்மைச் சான்று வேண்டும், பாட வகுப்புகளுக்கு வர வேண்டும். தொலைதூரக் கல்வி வழியாக வாங்கும் பிஎச்.டி. செல்லாது. யாராவது அப்படி ஆசை காட்டினால் விலகிவிடுங்கள்.

பகுதிநேரக்காரருக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது: மற்றவர்கள் கெஞ்சிக் கேட்கும் தரவு அவர் மேசை மேலேயே கிடக்கிறது. பலவீனம், மாதக் கடைசி பில் நேரத்தில் ஆய்வு மறந்தே போவது. தினமும் காலையில் ஒரு மணி நேரம் எழுதியவர்கள் முடித்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றவர்கள் பெரும்பாலும் முடிக்கவில்லை.

தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

என்னிடம் வரும் பாதிப் பேர் “தாமதத்துக்கான காரணங்கள்” என்ற தலைப்போடுதான் வருகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நாற்பது காரணங்களை வரிசையாக எழுதி, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்லி, முக்கியத்துவக் குறியீடு கணக்கிட்டு, முதல் பத்தைப் பட்டியல் போட்டேன். நிலம் கையகப்படுத்தல், பணம் தாமதம், வரைபட மாற்றம். முடிவைப் பார்த்த ஒரு மூத்த மேஸ்திரி, “இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு வருஷம் ஆச்சா தம்பி?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். அந்த ஒரு வருட வேலையை அப்படியே வைத்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.

நாடு நாடாக இந்தப் பட்டியல்கள் வந்துவிட்டன. கேள்வித்தாளில் கான்ட்ராக்டர் ஆர்டர் கொடுத்தவர்மேல் பழி போடுவார், ஆர்டர் கொடுத்தவர் கான்ட்ராக்டர்மேல் போடுவார். நமக்குக் கிடைப்பது கருத்து. நடந்தது என்ன என்பது அதில் கிடைக்காது.

கேள்வியைச் சிறிதாக்குங்கள், ஆழமாக்குங்கள். “தமிழ்நாட்டில் தாமதம்” என்பதை விட்டுவிட்டு, “மெட்ரோ ரயில் வேலையில் பூமிக்கடியில் இருக்கும் கேபிளும் குழாயும் மாற்றுவதற்கு ஒவ்வொரு துறையிடமும் அனுமதி வாங்க எத்தனை நாள் ஆகிறது, அந்த நாட்கள் எந்த மேசையில் கழிகின்றன” என்று கேட்டுப் பாருங்கள். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மட்டும் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். அதில் ஒரே ஒரு நிலையத்தின் கோப்புகளை முழுதாகப் பின்தொடர்ந்தாலே ஒரு நல்ல தீசிஸுக்குப் போதும்.

இப்படிச் சைட்டிலிருந்து பிறந்த ஆய்வுக்குச் சிறந்த உதாரணம் கிளென் பாலார்டுடையது. கட்டுமானத் துறையில் பல வருடம் இருந்தவர். 2000இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். அவர் எண்ணியது மிக எளிய ஒன்று: இந்த வாரம் முடிப்போம் என்று சொன்ன வேலைகளில் எத்தனை முடிந்தன? ஏறக்குறைய பாதிதான் முடிந்திருந்தது. மீதி ஏன் முடியவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதவைத்தார். கடைசியாக வேலையைப் பிரித்துக் கொடுக்கும் ஃபோர்மேனையே திட்டமிடலில் உட்கார வைத்தார். இன்று உலகம் முழுக்க லீன் கட்டுமானத்தில் புழங்கும் முறை அதுதான். திங்கட்கிழமை வாக்கு, சனிக்கிழமை கணக்கு. இதற்கு மென்பொருள்கூட வேண்டாம், ஒரு சுவரும் ஒட்டும் காகிதமும் போதும்.

தரவு எங்கே கிடைக்கும்? கம்பெனிகள் கொடுக்குமா?

பொதுவில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். 150 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மத்திய அரசுத் திட்டங்களின் செலவையும் காலத்தையும் புள்ளியியல் அமைச்சகம் கண்காணித்து அறிக்கை வெளியிடுகிறது. தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கைகளில் ஒவ்வொரு பத்தியும் ஒரு கேஸ் ஸ்டடி. நடுவர் மன்றத் தீர்ப்புகளை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்குகளின் தீர்ப்பில், தாமதத்துக்கு யார் பொறுப்பு என்ற வாதம் இருபக்கமும் அச்சாகிக் கிடக்கிறது. பலர் இதைப் படிக்காமலேயே கேள்வித்தாள் அனுப்பப் போகிறார்கள்.

கம்பெனித் தரவுக்குப் பொறுமை வேண்டும். எனக்கு ஒரு நிறுவனம் வாய்மொழியாக அனுமதி கொடுத்தது. எட்டு மாதம் கழித்து மேலாளர் மாறினார், அனுமதியும் போயிற்று. அன்றிலிருந்து எதையும் எழுத்தில் வாங்குகிறேன். என்ன தரவு, எந்தக் காலம், பெயரை எப்படி மறைப்பேன், வெளியிடும்முன் யாரிடம் காட்டுவேன் என்று ஒரு பக்கக் கடிதம். கூடவே அவர்களுக்கு என்ன திருப்பித் தருவேன் என்பதையும் எழுதுங்கள். “உங்கள் கம்பிச் சேதாரம் எந்தக் கட்டத்தில் அதிகம் என்று மூன்று மாதத்தில் சொல்கிறேன்” என்றால் கதவு திறக்கும்.

கட்டடத்தின் கார்பன் கணக்கு என்பது என்ன? கடினமா?

அடிப்படை மிக எளிது. பொருளின் அளவைக் காரணியால் (ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு) பெருக்குவது. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் 350 கிலோ சாதா சிமென்ட் என்று வையுங்கள். கிலோவுக்கு ஏறக்குறைய 0.9 கிலோ வெளியேற்றம் என்றால் 315 கிலோ. அதில் 30 சதவீதத்தை அனல் மின்நிலையச் சாம்பலால் மாற்றினால் தோராயமாக 220. இதோடு நிறுத்திவிட்டுப் பசுமைக் கட்டடம் என்று சொல்லிவிடுகிறார்கள். அதே கன மீட்டரில் 100 கிலோ கம்பி இருக்கும். இந்திய எஃகுக்குக் கிலோவுக்குச் சுமார் 2.5 என்றால் 250 கிலோ. சிமென்டை மாற்றிய பிறகு கம்பிதான் பெரிய பங்கு! எந்தக் கம்பியை எந்த நீளத்தில் வெட்டி வளைப்பது என்ற பட்டியலை (பார் பெண்டிங் ஷெட்யூல்) சரியாகப் போடாமல் ஐந்து சதவீதம் கம்பி துண்டுகளாகப் போனால் அதற்கு மட்டும் 12.5 கிலோ. அந்தத் துண்டுகளைக் குறைப்பது முழுக்க முழுக்க மேலாண்மை வேலை.

கடினம் எங்கே என்றால், காரணியை எங்கிருந்து எடுப்பது என்பதில். ஐரோப்பிய அட்டவணையை அப்படியே நம் செங்கல்லுக்குப் போடக் கூடாது. நம் சூளை வேறு, எரிபொருள் வேறு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் வெங்கடராம ரெட்டியும் ஜகதீஷும் 2003இல் வெளியிட்ட கட்டுரை, நம் பொருட்களையே அளந்து பார்த்தது. சிமென்ட் கலந்த மண் கல்லுக்குச் சுட்ட செங்கல்லின் ஆற்றலில் கால் பங்குதான் தேவை என்று அதில் காட்டினார்கள். அப்படிப்பட்ட உள்ளூர் அளவீடுகள் இன்னும் நிறைய வேண்டும்.

பிஐஎம் (கட்டடத்தைக் கணினியில் தகவலோடு மாதிரியாக்கும் முறை), செயற்கை நுண்ணறிவு எல்லாம் தெரிந்தே ஆக வேண்டுமா?

கேள்விக்குத் தேவைப்பட்டால் கற்றுக்கொள்ளுங்கள். கருவியை முதலில் எடுத்துக்கொண்டு கேள்வியைத் தேடாதீர்கள். தினசரி அறிக்கையில் ஆட்கள் எண்ணிக்கை நேற்றைய தாளிலிருந்து நகல் எடுத்து எழுதப்பட்டிருந்தால், எந்தக் கணினி மாதிரியை அதன்மேல் ஓட்டினாலும் வருவது பொய்தான். அந்தத் தாள் எப்படி நிரப்பப்படுகிறது என்று போய்ப் பாருங்கள்.

தொழிலாளர்களிடம் பேசும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில், சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது பேசாதீர்கள். பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்களிடம் அவர்கள் மொழி தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இடைத்தரகரின் மொழிபெயர்ப்பை நம்பாதீர்கள். நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதல் வாங்குங்கள். பேச மறுப்பவரை விட்டுவிடுங்கள். அரை மணி நேரம் பேசினால் அவருக்கு அரை மணி நேரக் கூலி போகிறது என்பது நினைவில் இருக்கட்டும். மதிய உணவு நேரத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள், அது அவர்கள் படுத்து எழும் நேரம்.

நிலைத்த கட்டுமானம் பற்றிய ஆய்வுகளில் சித்தாள் வேலை பார்க்கும் பெண்களின் பெயரே வருவதில்லை. நாற்பது டிகிரி வெயிலில் அவர்கள் சுமக்கும் நேரமும் குடிக்கத் தண்ணீர் இருக்கும் தூரமும் எந்தப் பசுமை மதிப்பீட்டிலும் கனமாக எடை போடப்படுவதில்லை. யாராவது இதை எடுத்துச் செய்ய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

வழிகாட்டியை எப்படித் தேர்வு செய்வது?

அவருடைய பழைய மாணவர்களிடம் பேசுங்கள். எத்தனை வருடத்தில் முடித்தார்கள், எழுதியதைத் திருத்தி எத்தனை நாளில் திருப்பித் தந்தார் என்று கேளுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் தீசிஸ்களைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் அவர் வழிகாட்டிய தீசிஸ்கள் இருக்கும், இரண்டையாவது முழுதாகப் படியுங்கள். ஒழுங்குமுறைப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே நிறைந்திருப்பவரிடம் உங்களுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று யோசியுங்கள்.

கட்டுரை வெளியிடப் பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

“ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம்” என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட (திறந்த அணுக்கம்) எழுதியவரிடம் கட்டணம் வாங்கும் நல்ல இதழ்களும் உண்டு. அவற்றில் கடுமையான மதிப்பாய்வு இருக்கும், மாதக்கணக்கில் ஆகும். 2022 ஒழுங்குமுறை கட்டுரை வெளியீட்டைக் கட்டாயமாக்கவில்லை, ஆனால் பல பல்கலைக்கழகங்கள் தம் விதியில் வைத்திருக்கின்றன. அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கத்தின் கட்டுமானப் பொறியியல், மேலாண்மை இதழைத் தொடர்ந்து படித்துவந்தால் எது தரமான வேலை என்று உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும்.

ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமாக இருக்கிறதே?

தமிழ்வழியில் படித்து வந்து அருமையாக எழுதியவர்களை எனக்குத் தெரியும். முதலில் தமிழிலேயே யோசித்து, நடந்ததை நண்பருக்குச் சொல்வதுபோல் எழுதிவையுங்கள். வாதம் நேராக நின்றால் மொழியைப் பிறகு சரிசெய்யலாம். சைட் நேர்காணல்களைத் தமிழிலேயே எழுதி வையுங்கள். “கை வேலை நிக்குது” என்று மேஸ்திரி சொல்வதற்குள் இருப்பதை உடனே ஆங்கிலமாக்கினால் பாதி தொலைந்துவிடும்.

முடித்த பிறகு என்ன வேலை?

கல்லூரி ஆசிரியர் பணி பலருக்கும் தெரிந்த வழி. திட்ட மேலாண்மை ஆலோசனை நிறுவனங்கள், ஒப்பந்தத் தகராறுகளில் தாமதப் பகுப்பாய்வு செய்கிறவர்கள், பெரிய கட்டுமான நிறுவனங்களின் திட்டமிடல், நிலைத்தன்மைப் பிரிவுகள் எல்லாம் இருக்கின்றன. சம்பளம் ஒன்றுக்காக மட்டும் என்றால் அந்த ஐந்து வருடத்தைச் சைட்டிலேயே கழிப்பது மேல். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த சேர்க்கைக்கு ஆறு மாதம் இருக்கிறது. அதுவரை என்ன செய்யட்டும்?

பக்கத்தில் நடக்கும் ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். மழைநீர் வடிகாலாக இருக்கலாம், பள்ளிக் கட்டடமாக இருக்கலாம். பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு வாரம் ஒருமுறை போங்கள். இந்த வாரம் என்ன முடிக்கப் போகிறீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். அடுத்த வாரம் போய் எது முடிந்தது, முடியாததற்கு என்ன காரணம் சொன்னார்கள் என்று எழுதுங்கள். இருபத்தைந்து வாரத்தில் ஒரு நோட்டு நிறைந்துவிடும். நேர்முகத் தேர்வுக்கு வரும்போது அந்த நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள்.